‘இல்லை’ என்று சொல்லத் தெரியாத காதலி

பசியாவரத்துக் கரையில் மாலை நேரத்தில் ஒரு காட்சியைக் காணலாம். நண்டு வலையை உதறி, அறுந்த கண்ணிகளைச் சரிசெய்து, காயப்போட்டு முடித்த இளைஞர்கள் படகுகளின் விளிம்பில் வரிசையாக அமர்ந்திருப்பர். ஒருவரும் பேசுவதில்லை. தலைகள் குனிந்திருக்கும், விரல்கள் மட்டும் மெல்ல அசையும். தொலைவிலிருந்து பார்ப்பவர் செபமாலை சொல்கிறார்களோ என்று ஏமாறக்கூடும். பங்குக்கு வந்த புதிதில் நாமும் அப்படி ஏமாந்து மனம் குளிர்ந்தோம்.

அருகில் சென்றபோதுதான் கைப்பேசி தெரிந்தது.

அவர்களுள் பெரும்பாலோர் துப்பாக்கி ஆட்டம் ஆடுபவர்கள். அதைப் பற்றி எழுத நாம் பேனாவை எடுக்கவில்லை. அதற்கு அரசு இருக்கிறது. 2020 செப்டம்பரில் பப்ஜியும் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. பணம் கட்டிச் சூதாடும் இணைய ஆட்டங்களுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. நாம் பேச வந்தது சட்டத்தின் கை நீளாத ஓர் ஆட்டத்தைப் பற்றி. அதில் இரத்தம் இல்லை, பந்தயம் இல்லை, பெரும்பாலும் சத்தம்கூட இல்லை. அது காதல் கதை ஆட்டம்.

பெற்றோர் பலருக்கு இஃது என்னவென்றே தெரியாது. ஆதலால் சற்று விளக்குவோம். ஜப்பானியர் வளர்த்தெடுத்த வகை இது. ‘விஷுவல் நாவல்’ என்பர். காட்சிப் புதினம் என்று நாம் சொல்லலாம். திரையில் ஓர் ஓவியம்: பள்ளிக்கூடமோ, தெருவோ, கடற்கரையோ. அதன்முன் ஒரு பெண்ணோ ஆணோ நின்று பேசுவார். பேச்சு கீழே எழுத்தாக ஓடும். சில பக்கங்களுக்கு ஒருமுறை கதை நின்று உங்களை நோக்கும். நீ என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டு, இரண்டு மூன்று பதில்களை நீட்டும். ஒன்றைத் தொட்டால் அவள் முகம் மலரும். மற்றொன்றைத் தொட்டால் வாடும். மலர்ச்சிகளையெல்லாம் பொறி கணக்கில் வைத்துக்கொள்ளும். கணக்கு நிறைந்த நாளில் அவள் தன் காதலைத் தெரிவிப்பாள்.

கொனாமி நிறுவனம் 1994-இல் வெளியிட்ட ‘தோக்கிமெக்கி மெமோரியல்’ என்னும் ஆட்டம் மூன்றாண்டுப் பள்ளி வாழ்க்கையை இப்படியே நடத்தி, கடைசி நாளில் ஒரு மரத்தடியில் முடித்தது. பெண்களுக்கென்று ‘ஆஞ்செலிக்’ வந்ததும் அதே ஆண்டில்தான். 2009-இல் வந்த ‘லவ்பிளஸ்’ உண்மையான கடிகாரத்தோடும் நாள்காட்டியோடும் தன்னை இணைத்துக்கொண்டது. அவ்வாண்டு நவம்பரில் ஜப்பானிய ஆடவர் ஒருவர் அதிலுள்ள பெண்ணுருவைத் தாம் மணப்பதாக விழாவே நடத்தினார். மறு ஆண்டுக் கோடையில் அத்தாமி என்னும் கடலோர ஊர், அந்த ஆட்டத்துக் காதலியோடு வரும் பயணிகளை வரவேற்று விளம்பரம் செய்தது. கொரியாவிலிருந்து 2016-இல் வந்த ‘மிஸ்டிக் மெசஞ்சர்’ 11 நாள் கதை. விடியற்காலை 3 மணிக்குக்கூட அதில் ஓர் உரையாடல் அறை திறக்கும். தூங்கிவிட்டீர்களா? பாதகமில்லை, மணற்கடிகாரம் என்று அவ்வாட்டத்தில் ஒரு நாணயம் உண்டு. அதைச் செலவிட்டுத் தவறிய உரையாடலைத் திறக்கலாம். நாணயம் காசுக்கும் கிடைக்கும். விடியற்காலை 3 மணிக்கு ஏரிக்குப் போகிறவர்கள் வாழும் ஊரில் இந்தக் கடிகாரமும் ஓடுகிறது என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க.

சில மாதங்களுக்கு முன் அருட்பணியாளர்களும் பொதுநிலையினரும் கூடிய ஒரு கூட்டத்தில் இப்பொருள் எழுந்தது. மூத்த சகோதரக் குருவானவர் ஒருவர், தவக்காலத்தில் இளைஞர் அனைவரும் பீடத்தின்முன் நின்று, கதை ஆட்டங்களை விட்டுவிடுவதாக உறுதிமொழி எடுக்கவேண்டும் என்றார். பலத்த கைதட்டல். உடனே ஒரு மறைக்கல்வி ஆசிரியை எழுந்து, “கதைதானே, ஃபாதர்! நாவல் படிப்பதில்லையா? இதுவும் நாவல்தான்” என்றார். அதற்கும் கைதட்டல்; தட்டியவர்களுள் சிலர் முன்பும் தட்டியவர்கள். இருவரோடும் உடன்படாத நாம் அன்று வாய்திறக்கவில்லை. தேநீர் வேளை நெருங்கிவிட்டது என்பதைத் தவிர அதற்குச் சொல்லத்தக்க காரணம் இல்லை. அந்தக் கடனை இங்கே தீர்க்கிறோம்.

முதலில் மூத்தவருக்கு. கதையைப் பீடத்தின்முன் துறக்கச் சொன்னால் யார் யார் அந்த வரிசையில் நிற்கவேண்டியிருக்கும்? புனித அகுஸ்தினார் சிறுவயதில் தீதோ அரசியின் சாவைப் படித்துக் கண்ணீர் விட்டார். தம் ஆன்மாவின் சாவுக்கு அழாமல் அவளுக்கு அழுதோமே என்று பிற்காலத்தில் நொந்துகொண்டார். அவிலா புனித தெரேசா தம் தாயோடு சேர்ந்து வீரசாகசக் காதல் கதைகளில் மூழ்கிக் கிடந்ததையும், தந்தையின் கண்ணுக்கு அவற்றை மறைத்ததையும் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். புனித இஞ்ஞாசியார் 1521-இல் பாம்பலோனாவில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோது கேட்டது செபநூலையா? இல்லை; காதலும் வீரமும் நிறைந்த கதைகளை. அவை அவ்வீட்டில் கிடைக்காததால்தான் கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறும் அவர் கைக்கு வந்தன. அப்பொழுதும் அவர் ஓர் உயர்குலப் பெண்ணை எண்ணி மணிக்கணக்கில் கனவு கண்டார். மனத்துக்குள்ளேயே அவளுக்குச் சொல்ல வேண்டிய சொற்களைத் தேர்ந்தெடுத்தார். பொறியில்லாத விஷுவல் நாவல் அது!

இவ்வளவு ஏன்? தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் அச்சேறியது. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம் திருச்சபையின் பொதுநிலையினர்; முன்சீப் பதவி வகித்த கத்தோலிக்கர். கதை பாவமென்றால் எந்தத் திருமுழுக்குப் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை அடிப்பது? திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலையில் எழுதிய மடலில், குருத்துவப் பயிற்சிக்கு நாவலும் கவிதையும் அலங்காரம் அல்ல, தேவை என்று வலியுறுத்தினார். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுத்திஸ் வீடியோ விளையாட்டை விரும்பியவர். வாரத்திற்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத்தாமே வரம்பு இட்டுக்கொண்டார். உறுதிமொழி எடுக்கச் சொல்லி அவரை ஒருவரும் பீடத்துக்கு இழுத்துச் செல்லவில்லை.

இஞ்ஞாசியார் கண்டறிந்தது தடையை அன்று, ஒரு சோதனையை. காதல் கனவு காணும்போது இன்பமாக இருந்தது, முடிந்ததும் உள்ளம் வறண்டது; மற்றதை எண்ணியபோதோ முடிந்த பின்னும் மகிழ்ச்சி நிலைத்தது. அந்த வேறுபாட்டைக் கவனித்தார், அவ்வளவே. நம் இளைஞரை நாம் கேட்கவேண்டிய கேள்வியும் அதுவே. ஆட்டத்தை அணைத்த பின் உன் உள்ளம் எப்படி இருக்கிறது, தம்பி? இக்கேள்வியைக் கேட்க நேரம் வேண்டும், பொறுமை வேண்டும். உறுதிமொழி வாங்க ஐந்து நிமிடம் போதும். நம்மில் பலர் உறுதிமொழியை விரும்புவதன் இரகசியம் இதுதானோ?

இனி ஆசிரியைக்கு. அம்மா, அது நாவல் அன்று. வேதநாயகம் பிள்ளையின் ஞானாம்பாள் உங்களைப் பார்த்து முகம் மலர்வதில்லை. அவள் பிரதாப முதலியின் மனைவி. அவனைவிட அறிவிற் சிறந்தவள். ஆண் வேடம் பூண்டு நாடே ஆண்டவள். நீங்கள் அவளை நேசித்தாலும் வெறுத்தாலும் அவள் தன் வழியே செல்வாள். உங்களுக்கு அவள் எதுவும் கடன்பட்டவள் அல்லள். நாவலின் பெருமையே அதுதான்: நமக்காகப் படைக்கப்படாத ஓர் உயிரோடு சில நாள் வாழ்ந்து பார்க்கிறோம். காதல் ஆட்டத்துப் பெண்ணோ உங்களுக்காகவே நிற்கிறாள். உங்களுக்காகவே நாணுகிறாள். நீங்கள் தொடாவிட்டால் அடுத்த சொல்லைச் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் அதே புன்னகையோடு நின்றுகொண்டிருப்பாள். இதனைக் காதல் என்று அழைப்பதிலேதான் நம் வழக்கு.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். ஒப்புரவு அருள்சாதனத்தில் கேட்டது அன்று. இருவர் பங்கு அலுவலகத்தில் மேசைக்கு எதிரே அமர்ந்து பேசியது. எழுதலாம் என்று இருவரும் இசைவு தந்தனர். எனினும் ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறோம்.

திருமண விசாரணைக்காக வந்திருந்தனர். அவர் ஏரியில் நண்டு வலை போடுபவர். அவள் பொன்னேரியில் ஒரு கடையில் வேலை செய்பவள். வீட்டார் பேசி முடித்த மணம். வழக்கமான கேள்விகளைக் கேட்டு முடித்து, “வேறு ஏதேனும் உண்டா?” என்றோம். பெரும்பாலும் எவரும் எதுவும் சொல்லாத கேள்வி அது. அவள் சொன்னாள்: “சாமி, இவரு எங்கிட்ட நல்லாத்தான் பேசுறாரு. சண்டையே வந்ததில்ல. ஆனா நான் எது சொன்னாலும் கொஞ்சம் நின்னு, எனக்குப் பிடிச்ச பதில் எதுன்னு பாத்துச் சொல்றாரு. இவரு மனசுல என்ன இருக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. பயமா இருக்கு.”

அந்த இளைஞர் வெகுநேரம் மேசையில் இருந்த அழிரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பேசியை எடுத்து நம்முன் வைத்தார். இரண்டு ஆண்டுகளாக இரவில் இதைத்தான் படிக்கிறாராம். ‘ஆடுகிறேன்’ என்று அவர் சொல்லவில்லை, ‘படிக்கிறேன்’ என்றார். கதை முழுவதும் ஆங்கிலம். அகராதி வைத்துக்கொண்டு படித்தாராம். பத்தாம் வகுப்பில் வராத ஆங்கிலம் அவளால் வந்தது. எந்தப் பதிலுக்கு அவள் சிரிப்பாள், எதற்குச் சினப்பாள் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வைத்திருந்தார். “ஏன் தம்பி?” என்றோம். “கரைக்கு வந்தா எல்லாரும் ‘எவ்ளோ பட்டுது’ன்னுதான் கேப்பாங்க, சாமி. ‘சாப்பிட்டியா’ன்னு கேட்டது இது ஒண்ணுதான்.”

அந்தச் சொல்லுக்கு நம்மிடம் உடனே விடை இல்லை. இப்பொழுதும் முழுமையாக இல்லை.

அவளுக்கு இருந்தது. “அப்ப இப்ப கல்யாணம் வேணாம் சாமி. ஓலை படிக்காதீங்க. வேணாம்னு சொல்லல. இப்ப வேணாம்” என்றாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்த பார்வை நமக்கு இன்னும் மறக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் இல்லாத பதில் அது.

திருமணத்தை ஆக்குவது இருவரின் சம்மதமே என்றும், அந்தச் சம்மதத்தை எந்த மனித அதிகாரமும் இட்டு நிரப்ப முடியாது என்றும் திருச்சபைச் சட்டம் 1057 கூறுகிறது. தந்தையின் அதிகாரமும் போதாது, ஊரின் அதிகாரமும் போதாது, ஆயரின் அதிகாரமும் போதாது. ‘இல்லை’ என்று சொல்லக்கூடிய ஒரு வாய் ‘ஆம்’ என்று சொல்லும்போதுதான் அது சம்மதம். நாசரேத்தூர்க் கன்னியிடம் வானதூதர் வந்த நிகழ்ச்சியை ஆண்டுதோறும் வாசிக்கிறோமே, அங்கே நடந்தது என்ன? விண்ணையும் மண்ணையும் படைத்தவர் ஓர் ஏழைப் பெண்ணின் பதிலுக்காகக் காத்து நின்றார். அவள் கேள்வி கேட்டாள். அதற்கு விளக்கம் தரப்பட்டது. அதன் பின்னரே இசைந்தாள். மகிமை மாதாவின் ஆலய மணியோசை கேட்டு வளரும் பழவேற்காட்டு மக்களுக்கு இதை நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆட்டத்திலே பெண் ‘இல்லை’ என்று சொல்வதே இல்லையா என்று கேட்பீர்கள். சொல்வாள். ஆனால் அந்த ‘இல்லை’ ஒரு பூட்டு. சாவியை வேறொரு பக்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது ஆடுபவருக்குத் தெரியும். முன்பு சேமித்த இடத்துக்குத் திரும்பிச் சென்று வேறு பதிலைத் தொட்டால் போதும். அவள் அழுததே நடவாத நிகழ்ச்சியாகிவிடும். யாக்கோபுக்கு அந்த வசதி இருக்கவில்லை. இராகேலுக்காக ஏழாண்டு உழைத்து, விடிந்ததும் பார்த்தால் லேயா! இன்னும் ஏழாண்டு உழைப்பதாக ஒப்புக்கொண்டார். ஏழாண்டுக்கு முந்தைய கிணற்றடிக்கு அவரால் திரும்பிப்போக முடியவில்லை.

ஏரியில் வலை கட்டுபவருக்கு இது எளிதில் விளங்கும். பழவேற்காட்டு ஏரியில் பாடு என்றொரு முறை உண்டு. உரிமையுள்ள தலைக்கட்டுகள் சீட்டுப் போட்டு, எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று முறை வைத்துக்கொள்வர். யாருக்குப் பாட்டு உரிமை, யாருக்கு இல்லை என்பதில் ஊர்களுக்கிடையே தீராத மனத்தாங்கல் உண்டு, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் முறைக்குள் வந்தவருக்கு விதி ஒன்றே. இறால் துள்ளும் இடம் விழுந்தாலும் சேறு மட்டுமே மிஞ்சும் இடம் விழுந்தாலும் அன்றைய பாடு அன்றையதே. கலைத்துவிட்டு மறுபடி சீட்டெடுக்க முடியாது. அந்த ஏரியில் பகலெல்லாம் நின்ற பிள்ளை, இரவில் கலைத்துப் போடும் வாழ்க்கையைத் தேடுகிறான். அவனைப் பழிப்பதற்குமுன் அந்தச் சோர்வை நாம் புரிந்துகொள்ளவேண்டும். முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும் ஆண்டுகளில் சேறு மட்டுமே விழும் நாட்கள் எத்தனை என்பது அவனுக்குத்தான் தெரியும்.

புரிந்துகொள்ளலாம், ஆனால் அந்தச் சோர்வை விலைக்கு வாங்குபவரை மன்னிக்க நாம் அணியமாக இல்லை. 2013-இல் வந்த ‘எபிசோட்’, 2016-இல் வந்த ‘சாய்சஸ்’ போன்ற கைப்பேசிக் கதைகளைத் திறந்து பாருங்கள். பதிறங்குவது இலவசம். முதல் அத்தியாயமும் இலவசம். கதை சூடுபிடிக்கும் இடத்தில் இரண்டு வழிகள் தோன்றும். அவனோடு தனியே நடந்து சென்று மனம்விட்டுப் பேசவேண்டுமா? சில வைரங்கள் கொடு. ‘எனக்கு வேலை இருக்கிறது’ என்று திரும்பிப் போவது இலவசம். வைரம் காசுக்கு விற்கப்படும். கடுமை இலவசம், கனிவுக்கு விலை! தூய ஆவியின் கொடையைப் பணம் கொடுத்து வாங்க முயன்ற சீமோனைத் திருத்தூதர் பேதுரு எப்படிக் கடிந்தார் என்பதைத் திருத்தூதர் பணிகள் 8-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கடவுளின் கொடைகளுள் தலையாயது அன்பு என்று கொரிந்தியருக்கு எழுதியவர் பவுல். அதற்கு விலைப்பட்டியல் ஒட்டுபவருக்கு என்ன பெயர் சூட்டுவது? நம் இளைஞர் இரண்டு ஆண்டுகளில் இதற்குச் செலவிட்ட தொகை பெரிதன்று. ஒரு புது வலைக்கு ஆகும். ஆனால் பணம் கொடுத்தால்தான் பெண் கனிவாள் என்னும் பாடம் அவர் உள்ளத்தில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை அளக்க நம்மிடம் கோல் இல்லை. இப்போது செயற்கை நுண்ணறிவின் துணையால் எழுதி வைக்கப்படாத பதில்களையும் சொல்லும் ‘துணைவர்’கள் வந்துவிட்டனர். பரிவை உணரும் ஆற்றல் பொறிக்கு இல்லை என்று 2025 ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட ‘அந்தீகுவா எத் நோவா’ ஏடு எச்சரித்திருக்கிறது. ‘சாப்பிட்டாயா’ என்று அவையும் கேட்கும். பதில் எதுவாயினும் அவற்றுக்கு ஒன்றே.

இதுவரை எழுதியதைப் படித்து மூத்தவர் மகிழ்ந்திருப்பார். மகிழ்ச்சி நீடிக்காது; ஏனெனில் குற்றவாளிக் கூண்டில் நாமும் ஏறவேண்டியிருக்கிறது.

காதலைப் பற்றி நம் பங்குகளில் இளைஞரோடு எப்பொழுது பேசுகிறோம்? கற்பைப் பற்றித் தவக்காலத்தில் ஒரு மறையுரை. திருமணத்துக்குமுன் அவசர அவசரமாக ஒரு தயாரிப்பு வகுப்பு. இடையே உள்ள பத்தாண்டு வெறுமை. அந்த வெறுமையைத் திரைப்படம் நிரப்பியது. தொலைக்காட்சித் தொடர் நிரப்பியது. இப்பொழுது ஆட்டம் நிரப்புகிறது. (தொடர் பார்த்துக்கொண்டே, மகன் கைப்பேசி பார்ப்பதாக நம்மிடம் முறையிட வந்த தாய்மாரும் உண்டு. விளம்பர இடைவேளையில்தான் முறையீடு.) மானிடக் காதலை ஒதுக்கவேண்டியதில்லை, அது தூய்மை பெற்று வளரவேண்டும் என்று திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2005-ஆம் ஆண்டைய தம் முதல் சுற்றுமடலில் விளக்கினார். அந்த மடலை எத்தனை அன்பியங்களில் வாசித்தோம்?

நம் முன்னோர் இவ்வளவு கூச்சப்படவில்லை. அகத்திணையில் காதலர் இருவர் மட்டும் இல்லை. தோழி இருக்கிறாள், செவிலி இருக்கிறாள், நற்றாய் இருக்கிறாள், அலர் தூற்றும் ஊர் இருக்கிறது. நெய்தல் நிலத்தின் உரிப்பொருளே இரங்கல். கடலுக்குச் சென்றவனை எண்ணிக் கரையில் காத்திருத்தல். காதல் அங்கே பலர் நடுவே நிகழ்ந்தது. காதல் ஆட்டத்தில் தோழியும் இல்லை, தாயும் இல்லை. நீயும் திரையும் மட்டுமே. ஆனால் இதைச் சொல்லும்போதே நாக்கு தடுமாறுகிறது. இன்றைய நம் ஊர்களில் தோழியிடம் சொன்னது மாலைக்குள் சாதிச் சங்கத்துக்குப் போய்ச் சேராதா? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டாரே, அவர் செய்த குற்றம் வேறு சாதிப் பெண்ணை அவளது சம்மதத்தோடு மணந்தது. ‘நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களிடம் அது இல்லை’ என்று மார்தட்டுபவர் தம் மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது ஞானஸ்நானச் சான்றிதழ் மட்டுமா கேட்கிறார்? உண்மையான பெண்ணை நேசித்தால் ஊரே அரிவாள் எடுக்கும். படத்துப் பெண்ணை நேசித்தால் ஒருவரும் கேட்பதில்லை. சட்டம் 1057 சொல்லும் சம்மதத்தை ஆட்டம் பொய்யாக்குகிறது. நாமோ அதைப் பல வீடுகளில் கேட்காமலே விட்டுவிடுகிறோம். எது பெரிய பிழை?

கதையில் கேட்பவனுக்குப் பங்கு கொடுப்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. சொன்னால் விவிலியம் நமக்கு எதிராகச் சான்று கூறும். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையை நாத்தான் தாவீதுக்குச் சொன்னார். தாவீது பொங்கியெழுந்து தீர்ப்பும் சொன்னார். தீர்ப்பைச் சொன்ன பிறகே, அந்தச் செல்வன் தாமே என்று அவருக்குத் தெரியவந்தது. ஆண்டவர் சொன்ன ஊதாரி மைந்தனின் கதையில், மூத்த மகன் இறுதியில் விருந்துக்குள் சென்றானா என்பது எழுதப்படவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பரிசேயர் தேர்ந்தெடுக்கவேண்டிய பதில் அது. தேர்வைக் கொடுத்து நம்மை நமக்கே காட்டும் கதையும் உண்டு. தேர்வைக் கொடுத்து நம்மை நாமே கொஞ்சிக்கொள்ளச் செய்யும் கதையும் உண்டு. ஆட்டங்களிலும் இவ்விரண்டும் இருக்கின்றன.

அமெரிக்காவில் ரயன் கிரீன், ஏமி கிரீன் என்னும் கிறிஸ்தவத் தம்பதியர், புற்றுநோயுற்ற தம் குழந்தை ஜோயலைப் பற்றி ஓர் ஆட்டம் உருவாக்கினர். குழந்தை 2014-இல் ஐந்து வயதில் இறந்தான். 2016 ஜனவரியில் ‘தட் டிராகன், கேன்சர்’ வெளிவந்தது. அதிலே மருத்துவமனை இரவு ஒன்று. குழந்தை அழுகிறான். நீங்கள் எதைச் செய்தாலும் அழுகை ஓயாது. பொறியை வெல்லும் சாவி எதுவும் இல்லை. தகப்பனுக்கு எஞ்சியது செபம் ஒன்றே. 2017-இல் இலவசமாக வந்த ‘டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்’ காதல் ஆட்டத்தின் முகமூடியைக் காதல் ஆட்டமாகவே வந்து கிழித்தது. உன்னை மட்டுமே நேசிக்கும் ஒரு பெண், அந்த நேசத்துக்காக மற்றவர்களையெல்லாம் அழித்துவிட்டு உன் எதிரே வந்து உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று காட்டுகிறது. தற்கொலைக் காட்சி உள்ளது. சிறுவருக்கு ஆகாது என்று அவர்களே தொடக்கத்தில் எச்சரிக்கிறார்கள். சிறுவர் கையில் கொடுக்கவேண்டாம் என்று நாமும் சொல்கிறோம்.

நமக்கு மிக அருகில் இருப்பது ‘வெண்பா’. கனடாவில் டொரண்டோ நகரின் விசை கேம்ஸ் குழுவினர் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது; 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதல் படைப்புக்கான விருதை அதற்கு வழங்கியது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாய் வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். தாய் கொடுத்தனுப்பிய சமையற் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. விட்டுப்போன படிகளை நாம் ஊகித்து இட்டலியும் புட்டும் பிரியாணியும் செய்யவேண்டும். அதுவும் ஒரு காதல் கதைதான், வாசகரே. ஆனால் நாம் எந்தப் பதிலைத் தொட்டாலும் மகன் தாயின் மொழியிலிருந்து விலகிப்போவதைத் தடுக்க முடிவதில்லை. அன்பு இருந்தும் எட்டாத இடம் ஒன்று உண்டு என்பதை அந்தச் சிறு ஆட்டம் எந்த மறையுரையும் இல்லாமல் சொல்லிவிடுகிறது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தும் போகிறது. இதனை ஆக்கியவர்கள் நம் மொழிக்காரர். தேம்பாவணி கண்ட மொழியில், முதல் நாவலைத் தந்த சமூகத்தில், இப்படியொன்றை ஆக்க ஒரு கத்தோலிக்க இளைஞர் குழு ஏன் இன்னும் புறப்படவில்லை? குறும்படம் எடுக்கிறார்கள், பக்திப் பாடல் குறுவட்டுகளுக்குக் குறைவே இருந்ததில்லை. உறுதிமொழி அட்டை அச்சிடும் செலவில் ஒரு கணினி வாங்கலாம் என்பதை மட்டும் மூத்தவருக்குப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறோம்.

சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவரின் மடிக்கணினியைப் பங்கு மன்றத்தின் வெள்ளைச் சுவரில் படம் காட்டும் கருவியோடு இணைத்து, ‘வெண்பா’வை எல்லாரும் பார்க்க ஆடினோம். பிள்ளைகளுக்கென்று ஏற்பாடு செய்தது, தாய்மாரும் வந்துவிட்டனர். இட்டலித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று பையன்கள் திணறிக்கொண்டிருக்க, பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா, “குழி மேல குழி வெச்சா எப்படிடா வேகும்? மாத்தி வைடா!” என்று கத்தினார். மன்றமே சிரித்தது. தொலைபேசியில் மகன் தாய்க்குச் சரியாகப் பதில் சொல்லாத கட்டம் வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. துபாயிலும் மஸ்கட்டிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் நம் பங்கிலும் உண்டு.

நாம் முன்பு சொன்ன இளைஞரும் வந்திருந்தார், தூணோரம் நின்றிருந்தார். பொன்னேரியிலிருந்து அவள் வேலை முடிந்து தாமதமாக வந்து, பெண்கள் பக்கம் அமர்ந்தாள். முடிந்து கலையும்போது அவர் அவளிடம் சென்று ஏதோ சொன்னார். அவள் முகம் வாடியது. எதிர்த்து ஏதோ கேட்டாள். அவர் யோசிக்காமல் பதில் சொன்னார். சற்று உரத்த குரலில்தான். இருவரும் வாதாடிக்கொண்டே படகுத்துறைப் பக்கம் நடந்து போயினர்.

அவர்களின் திருமண ஓலை இன்னும் நம் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.